வீட்டிலேயே சனுகி உடோன்: மாவு பிசைவது முதல் கிண்ணத்தில் பரிமாறுவது வரை

ஜப்பானின் ஷிகோக்குத் தீவில், உள்நாட்டுக் கடலான செத்தோவைப் பார்த்தபடி அமைந்திருக்கும் ககாவா, பரப்பளவில் அந்த நாட்டின் மிகச் சிறிய மாநிலம். அதன் பழைய பெயர் சனுகி. 2011ஆம் ஆண்டில் அந்த மாநிலம், உடோன் என்னும் தன் தடித்த கோதுமை நூடுல்ஸின் பெயரால், தன்னை ‘உடோன் மாநிலம்’ என்றே விளம்பரப்படுத்திக்கொண்டது. அங்கு மழை குறைவு. நெல்லுக்குப் போதிய தண்ணீர் எப்போதும் கிடைத்ததில்லை என்பதால் கோதுமை அந்த மண்ணில் வேரூன்றியது. செத்தோக் கடற்கரையில் உப்பு விளைந்தது. இபுகித் தீவில் நெத்திலியை அவித்து உலர்த்தினார்கள். ஷோதோஷிமா தீவில் மரத்தொட்டிகளில் சோயா சாஸ் ஊறியது. ஒரு கிண்ணம் உடோனுக்கு வேண்டிய எல்லாமே ஒரே மாநில எல்லைக்குள் கிடைத்தன. அந்த மண்ணில் பிறந்த கூக்காய் என்னும் பௌத்தத் துறவி 806ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து திரும்பியபோது உடோன் செய்முறையையும் கொண்டுவந்தார் என்பது அங்குள்ளவர்கள் போற்றிவரும் மரபுக்கதை.

உடோன் என்பது கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் ஆகிய மூன்றே பொருள்களால் ஆன தடித்த வெள்ளை நூடுல்ஸ். முட்டையோ எண்ணெயோ சோடா உப்போ அதில் சேர்வதில்லை. பொருள் இவ்வளவு குறைவாக இருப்பதால் செய்முறையில் எதையும் மறைக்க முடியாது. சப்பாத்தியும் பரோட்டாவும் பிசைந்து பழகிய கைகள் இதில் தவறும் இடம் ஒன்று உண்டு. என் கையும் அங்கேதான் தவறியது. முதன்முறை செய்தபோது மாவு வறண்டு கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் இரண்டு முறை தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். மாவு அழகாகத் திரண்டது, வெட்டவும் வந்தது. ஆனால் வெட்டிய இழைகள் பத்து நிமிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வெந்தபின் பல்லுக்கு எந்த எதிர்ப்பும் தராமல் கொழகொழத்துப் போயின. உடோன் மாவுக்குத் தண்ணீர் கூடினால் அதைத் திருத்த வழியே இல்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஆகவே கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: மாவு வறண்டதாகத் தோன்றினாலும் தண்ணீர் சேர்க்காதீர்கள், நேரம் கொடுங்கள்.

மாவும் அளவும்

நான்கு பேருக்கு மைதா 400 கிராம், தண்ணீர் 180 மில்லி லிட்டர், உப்பு 20 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மாவின் எடையில் தண்ணீர் 45 விழுக்காடு, உப்பு 5 விழுக்காடு என்பது இதன் கணக்கு. இந்த வேலைக்குக் கிண்ணத்தாலும் டம்ளராலும் அளப்பது போதாது. அழுத்தி நிரப்பிய ஒரு கிண்ணம் மைதாவுக்கும் தளர்வாக நிரப்பிய ஒரு கிண்ணம் மைதாவுக்கும் இடையிலான எடை வேறுபாடே உடோனைக் கெடுக்கப் போதுமானது என்பதால் சிறிய மின்னணுத் தராசு கட்டாயம் வேண்டும்.

ஜப்பானில் உடோனுக்குப் பயன்படுத்துவது நடுத்தரப் புரதம் கொண்ட மாவு. கேக் மாவில் புரதம் குறைவு. ரொட்டி மாவில் மிகுதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது அது. இன்று ககாவாவின் கடைகளிலேயே பெரும்பாலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதியாகும் உடோனுக்கேற்ற கோதுமையின் மாவுதான் பயன்படுகிறது. அதற்கு ஈடாக உள்ளூர்க் கோதுமையை மீட்டெடுக்க அந்த மாநிலமே ‘சனுகி நோ யுமே 2000’ என்ற ரகத்தை உருவாக்கியது. ‘சனுகியின் கனவு’ என்பது அந்தப் பெயரின் பொருள். நம் மளிகைக் கடை மைதாவும் இலங்கைக் கடைகளில் கோதுமை மா என்ற பெயரில் விற்கும் வெள்ளை மாவும் இதற்குப் பொருந்தும். ஆட்டா மாவு பொருந்தாது, ஏனெனில் அதிலுள்ள தவிடு மாவின் பசைத்தன்மையை இடையிடையே அறுத்துவிடும். உங்கள் மைதாவில் உடோன் தொடர்ந்து மென்மையாகவே வருகிறது என்றால், 400 கிராமில் 30 கிராமை மட்டும் குறைத்து அந்த அளவுக்கு மரவள்ளிக்கிழங்கு மாவைச் சேர்த்துப் பாருங்கள். பொட்டலத்தில் விற்கும் உறைந்த உடோனின் துள்ளலுக்குக் காரணமும் அந்தக் கிழங்கு மாவுதான். ஆனால் முதல் சில முறை கலப்பில்லாமல் செய்து கையைப் பழக்கிக்கொள்வதே நல்லது.

உப்பு ஏன் இவ்வளவு

400 கிராம் மாவுக்கு 20 கிராம் உப்பு என்றதும் மலைப்பாக இருக்கும். கொதிக்கும்போது அதில் பெரும்பகுதி நீரில் இறங்கிவிடும். கிண்ணத்துக்கு வரும் நூடுல்ஸ் கரிக்காது. உப்பு இங்கே சுவைக்காக மட்டும் சேர்வதில்லை. மாவுக்கு இழுவையைத் தரும் புரதமான பசையத்தை (குளூட்டன்) அது இறுக்குகிறது. பிசைந்த மாவு சூட்டில் தளர்ந்து இளகுவதைத் தடுக்கிறது. சனுகியின் உடோன்காரர்களிடம் இதற்கென்றே ‘தோ சான், கான் ரொக்கு, ஜோ கோஹாய்’ என்ற ஒரு வாய்மொழிச் சூத்திரம் உண்டு. கோடை உச்சத்தில் ஒரு கிண்ணம் உப்புக்கு மூன்று கிண்ணம் தண்ணீர், கடுங்குளிரில் ஆறு, மற்ற நாள்களில் ஐந்து என்பது அதன் பொருள். வெயில் ஏற ஏற உப்புநீர் கடுமையாக வேண்டும் என்பதே இதன் சாரம். ஆகவே சித்திரை வெயிலில் செய்பவர்கள் உப்பை 24 கிராம் வரை கூட்டலாம். மார்கழிக் குளிரிலோ குளிர்பதன அறையிலோ செய்பவர்கள் 16 கிராமுக்குக் குறைக்கலாம். அதற்குக் கீழே மிகவும் இறங்க வேண்டாம். ‘சிறப்புச் சனுகி உடோன்’ என்ற பெயரைப் பொட்டலத்தில் போட ஜப்பானில் விதிமுறை உண்டு. மாவின் எடையில் தண்ணீர் 40 விழுக்காட்டுக்கும் உப்பு 3 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது, மாவு இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும் என்று அது வரையறுக்கிறது. நம் அளவில் அது 160 மில்லி தண்ணீரும் 12 கிராம் உப்பும் ஆகும்.

கல்லுப்பாக இருந்தால் முதலில் தண்ணீரில் முழுவதும் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கரையாத ஒரு பரல் மாவில் சிக்கினால், பின்னால் தேய்க்கும்போது அந்த இடத்தில் மாவு கிழியும்.

உதிரியாகப் பிசிறுதல்

வாயகன்ற பெரிய பாத்திரத்தில் மாவைச் சலித்துக் கொட்டுங்கள். உப்புநீரில் முக்கால் பங்கை மாவின் மேல் வட்டமாக ஊற்றி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு வேகமாகச் சுழற்றுங்கள். உள்ளங்கை மாவில் படவே கூடாது. விரல்நுனி மட்டுமே வேலை செய்ய வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதே அசைவு, அதே பக்குவம். ஒரு நிமிடத்தில் மாவு முழுவதும் ஈரம் ஏறி வெண்மை மங்கி, ரொட்டித் தூள்போல உதிரியாகும். மீதமுள்ள நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து மேலும் பிசிறினால் உதிரிகள் கொத்தமல்லி விதை அளவுக்குத் திரளும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும்; விரலால் தட்டினால் உடைய வேண்டும். பாத்திரத்தின் அடியில் உலர்ந்த மாவு தனியாகக் கிடந்தால் அங்கே மட்டும் ஈரக் கையால் தடவுங்கள். மழைக்காலத்தில் மைதா ஏற்கெனவே ஈரத்தை இழுத்திருக்கும் என்பதால் கடைசி ஐந்து மில்லி தண்ணீரை நிறுத்திவிடலாம்.

இந்த நிலையில் எல்லா உதிரிக்கும் ஈரம் சமமாகச் சேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சேரவில்லை என்றால் பிறகு எவ்வளவு மிதித்தாலும் மாவுக்குள் வெள்ளைத் திட்டுகள் நிற்கும்.

உதிரிகளை இப்போது உள்ளங்கையால் அழுத்தி ஒரே கட்டியாகச் சேருங்கள். வழவழப்பாக வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். மேல்தோல் சொரசொரவென்று பிளவுபட்டுத்தான் இருக்கும். ஈரத்துணியால் மூடியோ கனத்த பிளாஸ்டிக் பையில் இட்டோ 30 நிமிடம் விட்டுவிடுங்கள். அந்த அரை மணியில், கையால் செய்ய முடியாத வேலையைத் தண்ணீர் தானே செய்துவிடும்.

காலால் மிதித்தல்

இந்த மாவைக் கையால் நெடுநேரம் பிசைய மணிக்கட்டு தாங்காது. அதனால்தான் சனுகியில் மாவின் மேல் பாய் விரித்துக் காலால் மிதித்தார்கள். அங்குள்ள வீடுகளில் குழந்தைகள் மிதிப்பதும் உண்டு. உணவைக் காலால் தொடுவது நமக்கு உறுத்தலான செயல் என்பதை அறிவேன். மாவு இரண்டு கனத்த பைகளுக்குள் மூடி இருக்கும். தரைக்கும் பைக்கும் இடையே சுத்தமான துணி இருக்கும். காலில் துவைத்த காலுறை இருக்கும். அதுவும் ஒப்பவில்லை என்றால் தாழ்வான மேசையில் வைத்து, முழங்கையை மடக்காமல் உடல் எடை முழுவதையும் இரு உள்ளங்கைகளின் அடிப்பகுதியில் இறக்கி அழுத்துங்கள். நேரம் இரண்டு மடங்காகும், பலன் அதேதான்.

மிதிப்பவர்கள் குதிகாலை ஊன்றி, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறு சிறு அடிகளாகச் சுற்றி வர வேண்டும். மாவு தட்டையாக விரிந்ததும் பையிலிருந்து எடுத்து, மூன்றாக மடித்து, மீண்டும் பையிலிட்டு மிதியுங்கள். நான்கைந்து முறை மடித்து மிதித்தபின் மாவின் முகத்தைப் பாருங்கள். சொரசொரப்பு மறைந்து, தந்த நிறத்தில் மெல்லிய பளபளப்பு ஏறியிருக்கும். மடிக்கும்போது ஓரங்கள் கிழியத் தொடங்கினால் போதும் என்று மாவே சொல்கிறது என்று பொருள். அதற்கு மேல் மிதித்தால் பசையம் அறுபடும். அப்போது பத்து நிமிடம் விட்டுவிட்டுத் தொடருங்கள்.

பிறகு மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரங்களையும் நடுவுக்கு இழுத்து இழுத்து அழுத்துங்கள். சுற்றிலும் மடிப்புகள் செவ்வந்திப் பூவின் இதழ்கள்போல விழுவதால் ஜப்பானியர் இதைச் செவ்வந்திப் பிசைவு என்கிறார்கள். இதழ்கள் கூடும் முகத்தைக் கீழாக வைத்து உருண்டையாக்கிப் பையில் மூடி இரண்டு மணி நேரம் ஊற விடுங்கள். வெயில் காலத்தில் அதற்கு மேல் வெளியில் வேண்டாம். குளிர்காலத்தில் மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். முதல் நாள் இரவே பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள், தேய்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்துவிட வேண்டும். சரியாக ஊறிய மாவு எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பானியர் சொல்லும் அடையாளம் காது மடல். ஒரு கையால் மாவையும் மறு கையால் உங்கள் காது மடலின் அடிப்பகுதியையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல இணங்கினால் தேய்க்கலாம்.

மாவு ஊறும் நேரத்தில் சாறு

உடோனின் சாற்றுக்கு அடிப்படை டாஷி என்னும் தெளிந்த நீர். சனுகியில் அது இரிகோவால் ஆனது. இரிகோ என்பது உப்புநீரில் அவித்து உலர்த்திய சிறு நெத்திலி. நம் கடற்கரைகளின் நெத்திலிக் கருவாடு பெரும்பாலும் அவிக்காமல் வெயிலில் காய்வது. வாடையும் உப்பும் மிகுதி என்பதால் அதை நேராகப் போட்டால் சாறு கருவாட்டுக் குழம்பின் மணத்துக்குப் போய்விடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கிடைக்கும் இக்கான் பிலிஸ், அவித்து உலர்த்தியது என்பதால் இரிகோவுக்கு நெருங்கிய உறவு.

இரிகோ 30 கிராம் எடுத்துத் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து கருத்த குடலை நீக்குங்கள். இதைச் சோம்பலால் விட்டால் சாறு கசக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரிகோவையும், கோம்பு என்னும் தடித்த உலர்ந்த கடற்பாசி 10 கிராமையும் இட்டு ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு சிறு தீயில் சூடேற்றி, கொதி வருவதற்குச் சற்று முன், அடியில் குமிழிகள் எழும்போதே கோம்பை எடுத்துவிடுங்கள். கொதித்தால் அது வழவழப்பை நீரில் விடும். நுரையை நீக்கியபடி ஏழெட்டு நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துக் கட்சுவோபுஷி சீவல் ஒரு கைப்பிடி போட்டு, அது அடியில் படிந்ததும் வடிகட்டுங்கள். கட்சுவோபுஷி என்பது அவித்துப் புகையூட்டி உலர்த்திய சூரை மீன். இலங்கைச் சமையலறைகளின் மாசிக் கருவாடும் அதே மீனை ஏறத்தாழ அதே முறையில் பதப்படுத்தியது. கட்சுவோபுஷி கிடைக்காதவர்கள் இடித்த மாசியை ஒரு மேசைக்கரண்டி போடலாம். அதில் உப்பு கூடுதல் என்பதைக் கடைசியில் உப்பு பார்க்கும்போது மறந்துவிடாதீர்கள்.

சைவ உணவு உண்பவர்கள் மீன் இல்லாமலும் டாஷி எடுக்கலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. ஜப்பானியப் பௌத்த மடங்களில் கோம்பையும் உலர்ந்த ஷிட்டாகே காளானையும் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து டாஷி எடுக்கிறார்கள். ஒரு லிட்டருக்குக் கோம்பு 10 கிராம், காளான் நான்கு போதும்.

வடித்த டாஷியில் வெளிர்நிறச் சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி, மிரின் என்னும் இனிப்பான அரிசி மது இரண்டு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி சேர்த்து ஒரு கொதி விட்டால் சாறு தயார். மிரின் இல்லையெனில் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி. வெளிர்நிறச் சாஸ் கருத்த சாஸைவிட உப்பு கூடியது என்பதால், கருத்ததைப் பயன்படுத்துகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் நாக்கால் சரிபார்க்க வேண்டும்.

தேய்த்தல், மடித்தல், வெட்டுதல்

மேசையில் சோள மாவை (கார்ன்ஃப்ளார்) தூவுங்கள். மைதாவைத் தூவினால் அது இழையோடு சேர்ந்து கொதிநீரைக் கஞ்சியாக்கும். மாவு உருண்டையை உள்ளங்கையால் தட்டையாக்கி, பூரிக்கட்டையால் நடுவிலிருந்து நான்கு மூலைகளை நோக்கித் தேய்த்துச் சதுரமாக்குங்கள். வட்டமாகத் தேய்த்தால் இழைகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று வரும். மாவு எதிர்த்துச் சுருங்கினால் பலம் காட்டாதீர்கள். துணியால் மூடிப் பத்து நிமிடம் காத்திருந்தால் தானாக இணங்கும். நீளமான கட்டை வைத்திருப்பவர்கள் மாவை அதில் சுருட்டி, முன்னும் பின்னும் உருட்டி, விரித்துத் திசை மாற்றி மீண்டும் சுருட்டலாம். இறுதித் தடிமன் 3 மில்லிமீட்டர். மெல்லியதாகத் தேய்க்கும் நம் பழக்கம் இங்கே உதவாது.

மேலே தாராளமாகச் சோள மாவு தூவி, திரைச்சீலை மடிப்பதுபோல மூன்றாக மடித்து, கனமான கூரிய கத்தியால் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். கத்தியை இழுத்து அறுக்காமல் மேலிருந்து நேராக இறக்க வேண்டும். அப்போதுதான் இழையின் நான்கு முனைகளும் கூராக நிற்கும். வெட்டு முகம் சதுரமாக, முனை மழுங்காமல் இருப்பதே நல்ல சனுகி உடோனின் முகவரி. பத்து இழைக்கு ஒருமுறை கையில் அள்ளி உதறி, ஒட்டிய மாவைத் தட்டிவிடுங்கள்.

வேகவைத்தல்

இருவருக்கான இழைகளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். நீரில் உப்புப் போடக் கூடாது. மாவிலுள்ள உப்பு வெளியேற வேண்டும். இழைகளைத் தூவினாற்போல இட்டு, அவை தாமாக மேலே வரும்வரை கிளறாமல் இருங்கள். முதல் நிமிடத்தில் கரண்டி பட்டால் அறுந்துவிடும். மேலெழுந்தபின் நீரின் சுழற்சியில் இழைகள் சுற்றிவரும்படி தீயை அளந்து வையுங்கள். பொங்கினால் தீயைக் குறையுங்கள். 10 முதல் 12 நிமிடம் ஆகும். தடித்த இழைக்கு 15 நிமிடம் வரை போகலாம். ஒன்பதாவது நிமிடத்தில் ஓர் இழையை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் கடித்துப் பாருங்கள். வெட்டு முகத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். இழை முழுவதும் கண்ணாடித்தன்மை ஏறியிருந்தால் உடனே வடித்துவிடுங்கள்.

வடித்ததும் குழாய் நீரின் அடியில் பிடித்து, துணி அலசுவதுபோல இரு கைகளாலும் தேய்த்து அலசுங்கள். மேலே படிந்த கொழகொழப்பு முழுவதும் போனபின், ஐஸ் போட்ட நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். சூடாகப் பரிமாறுவதாக இருந்தாலும் இந்த அலசலைத் தவிர்க்க வேண்டாம். அலசிய இழையைக் கொதிநீரில் ஒருமுறை முக்கிச் சூடேற்றிக்கொண்டால் போதும்.

ஜப்பானியர் ‘கோஷி’ என்று சொல்வது இப்போது வாயில் கிடைக்கும் அந்தப் பிடிமானத்தைத்தான். வெறும் கடினம் அல்ல அது. பல் இறங்கும்போது மேற்பரப்பு மென்மையாக விட்டுக்கொடுத்து, உள்ளே போகப் போக இழுத்துப் பிடித்து, கடைசியில் துள்ளி அறுபடும். இழையின் வெளிப்புறத்தில் ஈரம் மிகுந்தும் நடுவில் குறைந்தும் இருப்பதால் இது உண்டாகிறது. நேரம் போகப் போக ஈரம் உள்ளேயும் பரவிச் சமமாகிவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடும் உடோன் வேறு உணவு. ஆகவே உண்பவர்கள் தட்டின் முன் உட்கார்ந்தபின் இழையை நீரில் போடுங்கள். எல்லா உடோனும் கோஷியை நாடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மியே மாநிலத்தின் இசே உடோன் விரல் பருமனில், ஒரு மணி நேரம் போல வெந்து, தமாரி என்னும் அடர்ந்த சோயா சாஸால் ஆன கருத்த சாற்றில் புரண்டு, பல் இல்லாதவரும் உண்ணும் மென்மையில் வரும். இசே பெருங்கோவிலுக்கு நடந்து களைத்து வந்தவர்களுக்கு உகந்த உணவு அது. ஆகவே உங்கள் உடோன் மென்மையாக வந்துவிட்டால் அந்த வழியில் பரிமாறலாம்.

முதல் கிண்ணத்தை நான் எப்போதும் சோயா சாஸ் சில துளி, துருவிய இஞ்சி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் இவற்றோடு மட்டும் உண்பேன். மாவின் சுவை அதில்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சூடான சாற்றை ஊற்றி, மேலே பஜ்ஜி மாவில் உதிர்ந்த பூந்திபோன்ற மொறுமொறுத் துகள்களைத் தூவலாம். அலசாமல், கொதிநீரோடு மரத்தொட்டியில் எடுத்துவைத்து, அடர்ந்த சாற்றில் தொட்டு உண்பது கமா-அகே. வடித்த சூட்டோடு பச்சை முட்டையில் புரட்டுவது கமாதமா. ஜப்பானில் பச்சையாக உண்பதற்கென்றே பாதுகாத்து விற்கும் முட்டையை நம்பி எழுந்த பழக்கம் அது என்பதால், நம் வீடுகளில் அரைவேக்காடாக அவித்த முட்டையைச் சேர்ப்பதே தகும்.

மீந்த பச்சை இழைகளைச் சோள மாவு தூவி, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ஒரு நிமிடம் குறைத்து வேகவைத்து அலசி, ஒரு வேளைக்கு ஒரு சுருளாக உறைய வையுங்கள். உண்ணும் நாளில் பனி விலகக் காத்திருக்காமல், உறைந்த சுருளை அப்படியே கொதிநீரில் போட்டு, இழை பிரிந்ததும் எடுத்துவிட வேண்டும்.